ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மறுபடி அடைப்பு ஏன் வருகிறது?

"காசைக் கொட்டி ஸ்டென்ட் வெச்சோம். ஒரு வருசம்கூட ஆகல, அதே இடத்துல மறுபடி அடைப்புங்கறாங்க. அப்ப மொதல்ல வெச்சது டூப்ளிகேட்டுங்களா?"

சேலம் அம்மாப்பேட்டையில் மருந்துக்கடை நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கேட்பவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழல்) டூப்ளிகேட்டும் இல்லை, டாக்டர் ஏமாற்றவும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், அந்த இடத்தில் இப்போது வளர்ந்திருப்பது பழைய அடைப்பே அல்ல. உடம்பு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளப் போய், கொஞ்சம் அதிகமாக ஆற்றிக்கொண்டதன் விளைவு அது. இதைப் புரிந்துகொண்டால் எந்த மாத்திரை எதற்கு, எதை நிறுத்தினால் ஆபத்து என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் ஒரு படத்தை மனதிலிருந்து அழிக்க வேண்டும். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்புப் படிந்து பைப் அடைத்துக்கொள்வது போல, ரத்தக் குழாயின் உள்பக்கத்தில் கொழுப்பு ஒட்டிக்கொள்வதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பைப்பாக இருந்தால் சுரண்டி எடுத்தால் தீர்ந்தது. ரத்தக் குழாயின் சுவர் உயிருள்ள தசை. கொழுப்பு சேர்வது அதன் மேல் அல்ல, சுவருக்குள்ளே, மேல்தோல் போன்ற மெல்லிய படலத்துக்கு அடியில். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போய்த் தங்குகிறது. அதை விழுங்க வெள்ளையணுக்கள் வருகின்றன, விழுங்கிவிட்டு அங்கேயே உப்பிச் சாகின்றன. வருடக்கணக்கில் இது நடந்து, சுவர் உள்நோக்கிப் புடைக்கிறது. சிலருக்கு அதில் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லாகிறது.

இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருந்தாலும், இதயத் தசைக்கு அது நேரடியாகப் பயன்படாது. தசைக்குத் தனியாக ரத்தம் கொண்டுபோக மூன்று முக்கியக் கிளைகள் உண்டு. இடது பக்கம் ஒரு குட்டையான தாய்த்தண்டு இரண்டாகப் பிரிகிறது: முன்பக்கம் இறங்கும் எல்ஏடி, பின்பக்கம் வளைந்து போகும் சர்கம்ஃப்ளெக்ஸ். வலது பக்கம் ஆர்சிஏ. டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்தப் பெயர்கள்தான் வரும். இவற்றின் உள்விட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும்.

"எண்பது பர்சன்ட் பிளாக்" என்கிறார்களே, அது விட்டத்தை வைத்துச் சொல்லும் கணக்கு. 3 மி.மீ. குழாயில் 50 சதவீதம் என்றால் 1.5 மி.மீ. வழி மிச்சம். ஆனால் பரப்பளவில் பார்த்தால் கால் பங்குதான் மிச்சம். 70 சதவீதம் என்றால் 0.9 மி.மீ. வழி, பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியும் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. கீழே உள்ள சின்னக் குழாய்கள் விரிந்து கொடுத்து ஈடுகட்டும். மேடு ஏறும்போதுதான் அந்த இருப்பு தீர்ந்து, நெஞ்சு இறுக்கும். இதைத்தான் ஆஞ்சைனா என்கிறார்கள். நம் பக்கம் முக்கால்வாசிப் பேர் இதை வாயு என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மாரடைப்பு வேறு மாதிரி நடப்பது. புடைப்பின் மேல்படலம் திடீரென்று கிழிகிறது. உள்ளே இருக்கும் கொழுப்பு ரத்தத்தில் பட்டதும் அங்கே ரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் வழி மூடிவிடும். 40 சதவீத அடைப்பு என்று அலட்சியமாக விட்ட இடம்கூட இப்படிக் கிழியலாம்.

அடைப்பை அறுவை இல்லாமல் திறந்து காட்டியவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர். 1977 செப்டம்பர் 16 அன்று, சூரிக் நகரில், விழித்திருந்த 38 வயது நோயாளியின் எல்ஏடி குழாயில் பலூனை நுழைத்து விரித்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். மணிக்கட்டிலோ தொடையிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை இதயம் வரை கொண்டுபோய், தலைமுடி போன்ற ஒரு கம்பியை அடைப்பைத் தாண்டி அனுப்பி, அதன் மேல் பலூனை ஓட்டி ஊதுகிறார்கள். பலூன் கொழுப்பைக் கரைப்பதும் இல்லை, வெளியே எடுப்பதும் இல்லை. புடைப்பை நசுக்கி, விரிசல் விடச் செய்து, சுவரை வெளிப்பக்கம் தள்ளுகிறது. வெளிப்படையாகச் சொன்னால், தெரிந்தே செய்யும் ஒரு காயம் அது. உடம்பு காயத்தைச் சும்மா விடுமா?

பலூன் மட்டும் வைத்த காலத்தில் இரண்டு தொல்லைகள் இருந்தன. சுவர் ரப்பர்த்தன்மையால் திரும்பச் சுருங்கியது. அப்புறம், காயம் ஆறும்போது தசை வளர்ந்து வழியைக் குறுக்கியது. ஆறு மாதத்துக்குள் பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு இந்த மறுசுருக்கம் வந்தது. சுருங்காமல் முட்டுக்கொடுக்க வந்ததுதான் ஸ்டென்ட். 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புயேலும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிச் சிக்வார்ட்டும் மனிதர்களுக்கு முதலில் வைத்தார்கள். இந்தியாவில் 1990களில் டாக்டர் சோம ராஜுவோடு சேர்ந்து அப்துல் கலாம் குறைந்த விலை ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கியது பலருக்கும் நினைவிருக்கும். கலாம்-ராஜு ஸ்டென்ட் என்றே அதற்குப் பெயர்.

ஸ்டென்ட் முதல் தொல்லையைத் தீர்த்தது. இரண்டாவதைத் தீர்க்கவில்லை, சற்றுக் கூட்டியது என்றே சொல்லலாம். சுவரில் நிரந்தரமாக ஓர் உலோக வலை அழுந்தி நிற்கிறது. காயம் பட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டுகின்றன, அழற்சி உண்டாகிறது. சுவரின் நடு அடுக்கில் இருக்கும் தசை அணுக்கள் உள்பக்கம் நகர்ந்துவந்து பெருகி, தழும்புத் திசுவை நெய்கின்றன. இது ஓரளவு நடந்தால் நல்லது. கம்பிகளை மூடி, மேலே வழவழப்பான படலம் வந்துவிட்டால் ரத்தத்துக்கு உலோகமே தெரியாது. ஆனால் சிலருக்கு வெட்டுக்காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்துப் போகிறதல்லவா, அதே வேலை 3 மி.மீ. குழாய்க்குள் நடக்கிறது. பாதிக்கு மேல் வழி குறுகினால் அதற்கு ரீஸ்டெனோசிஸ், அதாவது மறுசுருக்கம், என்று பெயர். வெறும் உலோக ஸ்டென்ட்டில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு, பெரும்பாலும் மூன்றிலிருந்து ஒன்பது மாதத்துக்குள், இது வந்தது.

இதற்குத் தீர்வு வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1964இல் பசிபிக் கடலில் தனியாகக் கிடக்கும் ஈஸ்டர் தீவுக்கு ஒரு கனடா ஆய்வுக் குழு போய் மண் எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருளைப் பிரித்தெடுத்தவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேன் சேகல். அந்தத் தீவை அங்குள்ளவர்கள் ராப்பா நூயி என்பார்கள், அதனால் ராப்பாமைசின் என்று பெயரிட்டார்கள். பூஞ்சைக்கு மருந்தாகுமா என்றுதான் பார்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் கம்பெனி அந்த ஆராய்ச்சியையே மூட்டை கட்டியபோது, சேகல் நுண்ணுயிரைக் கொஞ்சம் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். பிறகு அது அணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது என்று தெரிந்து, 1999இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு மருந்தானது. அதே ஆண்டு டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாலோவில் எடுவார்டோ சோசா, இந்த மருந்தைப் பூசிய ஸ்டென்ட்டை முதன்முதலாக மனிதருக்கு வைத்தார். மருந்துச் சீட்டில் இதைச் சிரோலிமஸ் என்று பார்க்கலாம். எவரோலிமஸ், ஜோட்டரோலிமஸ் எல்லாம் அதன் பங்காளிகள். பூச்சில் இருக்கும் மருந்து சில மாதங்களுக்கு மெல்ல மெல்லக் கசிந்து தசை அணுக்களை அடக்கிவைக்கிறது. மறுசுருக்கம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்று கிட்டத்தட்ட எல்லோருக்கும் வைப்பது இந்த மருந்து ஸ்டென்ட்தான்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதிகமாக ஆறுவதைத் தடுக்கும் மருந்து, சரியாக ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது. கம்பியின் மேல் படலம் மூட மாதங்கள் ஆகின்றன. அதுவரை ரத்தம் வெறும் உலோகத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. அங்கே திடீரென்று ரத்தக்கட்டி உண்டாகலாம். 2006இல் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதய மாநாட்டில் இது பெரிய புயலாகவே வெடித்தது. அதற்குப் பிறகு வந்த ஸ்டென்ட்களில் கம்பி மெலிந்தது, முன்பு 140 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) அளவில் இருந்தது இப்போது 60 முதல் 80 மைக்ரான். பூச்சும் மேம்பட்டது. தானாகக் கரைந்துபோகும் ஸ்டென்ட் என்று பெரிதாகப் பேசப்பட்ட ஒன்று 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, ரத்தக்கட்டி அதிகம் வந்ததால் அடுத்த ஆண்டே விற்பனை நின்றது.

ஆக, ஸ்டென்ட்டுக்குப் பிறகு பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று தழும்பு வளர்வது. மெதுவாக, மாதக்கணக்கில் வரும், பெரும்பாலும் எச்சரித்துவிட்டு வரும். மற்றது ரத்தக்கட்டி. அபூர்வம், ஆனால் வந்தால் நிமிடக் கணக்கில் மாரடைப்பு, உயிருக்கே ஆபத்து. கடைக்கு வருகிறவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். "மாத்திரை ஒழுங்கா சாப்ட்டேன், அப்பறம் எப்படி அடைச்சுது?" என்பார்கள். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல்லும் (அல்லது டிக்காக்ரிலர், பிராசுக்ரெல்) தடுப்பது ரத்தக்கட்டியை. தழும்பு வளர்வதை அவை தடுக்காது. "ஒன்றும் தொந்தரவு இல்லையே" என்று அந்த மாத்திரைகளை நிறுத்துபவர் கையில் எடுப்பது இரண்டாவது ஆபத்தை.

கடைக்காரன் என்ற முறையில் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பு மாத்திரை மூன்றும் ஒரே கேப்சூலில் வருவதை நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். வசதிதான். ஒரு அம்மா, "கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்தோம், நார்மல்னு வந்துருச்சு, அதனால கொழுப்பு மாத்திரைய நிறுத்திட்டோம் தம்பி" என்றார். அவர் நிறுத்தியது அந்தக் கேப்சூலை. மூன்றும் ஒன்றாக நின்றுபோயிருந்தன, ஸ்டென்ட் வைத்து மூன்றாவது மாதம். உடனே டாக்டருக்குப் போன் போட வைத்தேன். கொலஸ்ட்ரால் நார்மல் என்று வந்ததே அந்த மாத்திரையால்தான், அதுவும் வேறு.

ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற இன்னொன்றும் சேர்ந்த இரட்டை மாத்திரை எத்தனை மாதம் என்பது ஆளைப் பொறுத்தது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்குப் பொதுவாக ஒரு வருடம், மற்றவர்களுக்கு ஆறு மாதம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு டாக்டர் குறைப்பார். பல் பிடுங்கவோ கண் ஆபரேஷனுக்கோ நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரிடம் கேளுங்கள். பல் பிடுங்குவதைப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலேயே செய்துவிடலாம். டிக்காக்ரிலர் சிலருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும். அது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. நிறுத்திவிடாமல் சொன்னால் வேறு மாற்றித் தருவார்கள். குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர் நெஞ்செரிச்சலுக்கு ஓமிப்ரசோல் வாங்கிப் போட வேண்டாம், அது குளோபிடோகிரெல்லின் வேலையைக் குறைக்கும். பான்டோப்ரசோல் பரவாயில்லை. முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக் கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ரத்தக்கசிவு, இதயம் இரண்டுக்குமே அது ஆகாது.

சரி, யாருக்கு மறுசுருக்கம் அதிகம்? சர்க்கரை நோயாளிகள் முதல் வரிசை. சிறுநீரகம் பழுதானவர்கள் அடுத்து. மீதி விஷயம் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருக்கிறது. "எல்ஏடி, 2.75 × 28" என்று ஒரு வரி இருக்கும். முதல் எண் ஸ்டென்ட்டின் விட்டம், இரண்டாவது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். ஒரு மில்லிமீட்டர் தழும்பு 4 மி.மீ. குழாயில் தாங்கும், இரண்டேகால் மி.மீ. குழாயில் தாங்காது. அதனால் விட்டம் சிறிதாகவும் நீளம் அதிகமாகவும் இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். கிளை பிரியும் இடத்தில் வைத்தது, ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட்டுக்குள் வைத்தது எல்லாம் அப்படித்தான்.

இன்னொரு காரணம் வைக்கும் விதத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு படிந்த கெட்டியான அடைப்பில் ஸ்டென்ட் முழுதாக விரியாமல் நின்றுவிடும். குழாய்க்குள் சாயம் செலுத்தி வெளியிலிருந்து எக்ஸ்ரேயில் எடுக்கும் ஆஞ்சியோ படத்தில் இது சரியாகத் தெரியாமல் போகலாம். குழாய்க்குள்ளேயே நுண்கருவியை அனுப்பி, ஒலியலையால் பார்க்கும் ஐவஸ், ஒளியால் பார்க்கும் ஓசிடி என்று இரண்டு வழிகள் உண்டு. செலவு கூடும். ஆனால் நீளமான ஸ்டென்ட், தாய்த்தண்டு, சுண்ணாம்பு என்றால் "ஐவஸ் பாத்து வைப்பீங்களா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. என்னைக் கேட்டால், ஸ்டென்ட் எந்த நாட்டுச் சரக்கு என்பதைவிட இந்தக் கேள்விதான் முக்கியம்.

சில வருடங்கள் கழித்து வரும் சுருக்கம் வேறு ஜாதி. ஸ்டென்ட்டுக்குள் வளர்ந்த புதுத் திசுவிலேயே மறுபடி கொழுப்பு சேர்கிறது. ஸ்டென்ட் இல்லாத மற்ற இடங்களிலும் பழைய நோய் தன் பாட்டுக்கு வளர்கிறது. இதற்குத்தான் கொழுப்பு மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும் என்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்டிஎல் 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே இருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் "100 வரை நார்மல்" என்று அச்சடித்திருப்பது உங்களுக்கான அளவு அல்ல.

மறுசுருக்கம் எப்படித் தெரியவரும் என்பதற்குச் சேர்வராயன் மலைக்காரர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. ஏற்காடு பக்கம் காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்த ஒரு அண்ணன் மாதாமாதம் கீழே வந்து மருந்து வாங்குவார். ஸ்டென்ட் வைத்த பிறகு நன்றாகத்தான் இருந்தார். ஒருமுறை வந்தபோது, "மொளகுக் கொடி ஏறுன அந்தச் சில்வர் ஓக் வரைக்கும் நிக்காம ஏறுவேன் தம்பி. இப்ப பாதியில ஒரு தடவ நின்னுட்டுப் போறேன். வயசாயிருச்சு போல" என்றார். வலி இருக்கிறதா என்றேன். "வலியெல்லாம் இல்ல, தாடையில ஒரு இறுக்கம். நின்னா போயிரும்." ஏறினால் வருவது, நின்றால் போவது, முன்பு இல்லாமல் இப்போது வந்திருப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் வயசு என்று விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். ஆஞ்சியோவில் ஸ்டென்ட்டுக்குள் சுருக்கம் இருந்தது. சமதளத்தில் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது இன்னும் பல மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவது, அசதி என்று மட்டும் வரலாம். சிலருக்கு எச்சரிக்கை இல்லாமல் நேரடியாக மாரடைப்பாகவே வருவதும் உண்டு.

ஓய்வில் எடுக்கும் ஈசிஜி நார்மலாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. நடக்கவைத்துப் பார்க்கும் டிஎம்டி, தேவைப்பட்டால் மறுபடி ஆஞ்சியோ. தொந்தரவே இல்லாதவர் வருடா வருடம் ஆஞ்சியோ எடுக்க வேண்டியதில்லை.

மறுசுருக்கம் உறுதியானால் என்ன செய்வார்கள்? முதலில் ஏன் வந்தது என்று ஐவஸ் அல்லது ஓசிடி வைத்துப் பார்ப்பது நல்லது. ஸ்டென்ட் விரியாமல் நின்றிருந்தால் அழுத்தம் கூடிய பலூனால் விரிப்பார்கள். சுண்ணாம்பு இருந்தால் அதிர்வலையால் அதை உடைக்கும் பலூனும் இருக்கிறது. தழும்புதான் காரணம் என்றால் இரண்டு வழி. உள்ளேயே இன்னொரு மருந்து ஸ்டென்ட் வைப்பது ஒன்று. மருந்து பூசிய பலூனை அரை நிமிடம், ஒரு நிமிடம் ஊதி, மருந்தைச் சுவரில் ஒற்றிவிட்டு வெளியே எடுத்துவிடுவது மற்றொன்று. இதில் புது உலோகம் எதுவும் உள்ளே தங்காது. ஏற்கெனவே இரண்டு அடுக்கு கம்பி இருப்பவருக்கு இது பெரிய லாபம். ஐரோப்பாவில் வெகுநாளாக இருக்கும் இந்தப் பலூனுக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. திரும்பத் திரும்ப அடைக்கிறது, மூன்று குழாயிலும் நோய், கூடவே சர்க்கரை என்றால் பைபாஸ்தான் நல்லது. சர்க்கரை நோயாளிகளில் பைபாஸ் மேல் என்பதை 2012இல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வு தெளிவாகக் காட்டியது. பைபாஸ் என்றதும் "கைவிட்டுட்டாங்க" என்று அழுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மாரடைப்பின்போது வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது. மேடு ஏறினால் மட்டும் வலி என்கிற நிலையான நோயில், அது வலியைக் குறைக்கிறது, ஆனால் மருந்து மட்டும் சாப்பிடுவதைவிட ஆயுளைக் கூட்டுவதாக 2007இல் வந்த கரேஜ் ஆய்வும் சரி, 2019இல் வந்த இஸ்கீமியா ஆய்வும் சரி, காட்டவில்லை. தாய்த்தண்டு அடைப்பு போன்றவை இதில் சேராது. அவசரம் இல்லாத ஸ்டென்ட் என்றால் யோசிக்க நேரம் கேட்கலாம், இன்னொரு டாக்டரிடமும் காட்டலாம்.

விலை பற்றி ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து ஸ்டென்ட்டுக்கு ரூ. 29,600, வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு ரூ. 7,260 என்று வரிக்கு முந்தைய உச்சவரம்பு வைத்தது. பிறகு அவ்வப்போது மாற்றி அமைக்கிறார்கள். பில்லில் ஸ்டென்ட் விலை தனி வரியாக இருக்க வேண்டும், பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சேர்ந்த அன்றே காட்டிவிடுங்கள்.

கடைசியாக, கடையில் அடிக்கடி கேட்கப்படும் ஒன்று: "ஸ்டென்ட் வெச்சிருக்கு, ஏற்காடு போலாமா?" போகலாம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம்தான், நிலையாக இருக்கும் இதயத்துக்கு அது பிரச்சினை இல்லை. மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆகியிருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பகோடா பாயின்ட்டில் வேகமாக ஏறி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். மேலே இருக்கும்போது நெஞ்சு இறுக்கம் வந்து, உட்கார்ந்தும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போகவில்லை என்றால், காரை எடுத்துக்கொண்டு நீங்களே இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கப் பார்க்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது யாரையாவது ஓட்டச் சொல்லி ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போய் முதலில் ஈசிஜி எடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டேட்டின் முதல் தவணையைக் கொடுத்து அனுப்பும் இதயம் காப்போம் திட்டம் 2023இலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. எந்தத் தேதியில், எந்தக் குழாயில், எந்த அளவு ஸ்டென்ட் என்று எழுதிய கார்டு மருத்துவமனையில் கொடுத்திருப்பார்கள். அதைப் பீரோவில் பூட்டிவைக்காமல் ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனிலும் பிள்ளைகள் போனிலும் போட்டுவையுங்கள். ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபில் இருப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.